உங்களுக்குத் தெரியுமா? 60 காட்டினாலும் கேம் திக்கும்!

திரை மூலையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 60 என்றிருக்கும். ஆட்டமோ வெட்டி வெட்டி ஓடும். இரண்டுமே உண்மைதான். ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் 0.8 நொடிக்குள் ஓடி முடிந்து, மிச்சமுள்ள ஒன்று மட்டும் 0.2 நொடி தேங்கினாலும் கணக்கு 60தான். கண்ணுக்கு அந்தத் தேக்கம் தப்பாது.

• எனவே கவனிக்க வேண்டியது ஃபிரேம் டைம். 60 எஃப்பிஎஸ் என்றால் ஃபிரேமுக்கு 16.7 மில்லி நொடி. ஃபிரேம் டைம் வரைகோடு திடீரென எகிறும் இடமே திக்கும் இடம்.
• கிராபிக்ஸ் கார்டு 99% உழைக்கிறதா? பதற வேண்டாம், அதற்குத்தானே காசு கொடுத்தோம்!
• சூடு எல்லையைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
• விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் கீயுடன் ஜி-யை அழுத்துங்கள். சிபியு, ஜிபியு, ரேம் பயன்பாடு திரையிலேயே தெரியும்.