மலைச்சரிவிலிருந்து மண்டிக்கு

மரத்தின் விலை நமக்குத் தெரியும். கன அடிக் கணக்கும் லாரி வாடகையும் தெரியும். அந்த மரத்தை மலைச்சரிவிலிருந்து லாரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்களின் பாடு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏற்காடு, கொல்லிமலைத் தோட்டங்களில் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குப் பற்றாகவும் நிற்பது சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இனம். முதிர்ந்த மரங்கள் பெட்டிக்கும் பிளைவுட்டுக்கும் கீழே வருகின்றன. மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. காப்பிச் செடி முறியாதபடி கயிறு கட்டிச் சாய்க்க வேண்டும். பிறகு கிளை கழித்து, துண்டு போட்டு, கடப்பாரையால் நெம்பியும் வடம் போட்டு இழுத்தும் பாதைக்குக் கொண்டுவர வேண்டும். சரிவில் உருளத் தொடங்கிய பச்சை மரத்தை எவராலும் நிறுத்த முடியாது. மரத்துக்குக் கீழ்ப்பக்கம் ஆள் நிற்கக் கூடாது என்பதே இத்தொழிலின் முதல் பாடம். மழை பெய்த மறுநாள் வேலை வேண்டாம் என்று மேஸ்திரி சொன்னால் அதில் நியாயம் உண்டு. லோடு தாமதம் என்று நாம் நெருக்கினால் ஒருவர் கால் போகலாம்.

அளவிலும் ஒரு சங்கதி உண்டு. சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது நம் வழக்கம். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உருளைக் கணக்குப்படியோ அதில் சுமார் 12.7 கன அடி இருக்கிறது. அறுவைச் சேதாரத்துக்கு விடும் கழிவு அது, வாங்குகிறவருக்குச் சரி. ஆனால் சுமப்பவர் தோளுக்குக் கழிவு ஏது? முழுப் பாரமும் ஏறுகிறது. கன அடிக்கு இவ்வளவு என்று ஏற்றுக்கூலி பேசும்போது அந்தக் கூடுதல் பாரத்தையும் கணக்கில் சேர்ப்பதே முறை.

லோடு ஏறியபின் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டுப் பாதையில் 20. கட்டு தளர்ந்தால் பின்னால் வரும் வண்டிக்கும் ஆபத்து. புறப்படும் முன் சங்கிலியைச் சரிபார்க்கச் சொல்வதற்கு நமக்குச் செலவில்லை.

உடலுழைப்புத் தொழிலாளருக்கென்று தமிழகத்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் வழியே நல வாரியமும் உள்ளன. நம் லோடு எடுக்கும் ஆட்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று மேஸ்திரியிடம் கேட்போம். இல்லையென்றால் அடுத்த லோடுக்கு முன் பதிவு செய்ய உதவுவோம். அவர்கள் தோள் நன்றாக இருந்தால்தான் நம் மண்டிக்கு மரம் வரும்.