ஒரே தட்டு

மும்பையில் பரேல் என்று ஒரு பகுதி. அங்கே டாடா நினைவு மருத்துவமனை இருக்கிறது. 1941-ஆம் ஆண்டு தொடங்கியது. புற்றுநோய்க்கு வைத்தியம் செய்யும் இடம். பல மாநிலத்து மக்கள் இங்கே வருகிறார்கள். வாசலில் நின்று பார்த்தால் தெரியும். மனைவி தலையில் முக்காடு போட்டிருப்பாள். கணவன் கையில் துணிப்பை இருக்கும். பைக்குள் மருத்துவச் சீட்டுகள்.

நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 2022-இல் சுமார் 1,92,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நோய் ஒருவர் உடம்பில் வருகிறது. துன்பம் இருவருக்கும் வருகிறது.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். சதாரா பக்கம் ஒரு கிராமம். கணவன் தச்சுவேலை செய்கிறான். மனைவி வயல் வேலைக்குப் போகிறாள். ஒருநாள் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. அதனால் சும்மா இருந்துவிட்டாள். மூன்று மாதம் கழித்துத்தான் கணவனிடம் சொன்னாள்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்று கேட்டான்.

"செலவு ஆகுமேன்னு பயந்தேன். உங்களுக்கு என்மேல வெறுப்பு வந்துடுமோன்னும் பயந்தேன்" என்றாள்.

அவனுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கண் கலங்கியது. "நாளைக்கே போவோம். ரெண்டு பேரும் போவோம்" என்றான்.

இதுதான் முதல் பாடம். வலி இல்லை என்று இருந்துவிடக் கூடாது. மார்பில் வரும் எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். அதில் உண்மை தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

ஒட்டும் நோயா?

வீட்டில் மாமியார் மருமகளுக்குத் தனித் தட்டு வைத்தாள். மகன் பார்த்தான். "அம்மா, இது ஒட்டற நோய் இல்லை" என்றான். மனைவியின் தட்டிலிருந்து சோள ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டான். மறுநாள் தனித் தட்டைக் காணவில்லை.

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. சேர்ந்து படுத்தாலும் ஒட்டாது. பாவத்தால் வருவதும் அல்ல. அரிதாக ஆண்களின் மார்பிலும் இது வரும்.

வைத்தியக் காலம்

சிலருக்குக் கட்டியை மட்டும் எடுப்பார்கள். சிலருக்கு மார்பகம் முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கும். எது, ஏன் என்று டாக்டரிடம் இருவரும் சேர்ந்து கேளுங்கள். ஒருவர் மறந்தால் மற்றவர் நினைவில் வைத்திருப்பார். அந்த மனைவி இரவுப் பள்ளியில் எழுதப் படித்தவள். ஒரு நோட்டு போட்டாள். மருந்தின் பெயர், போக வேண்டிய தேதி, கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் அதில் எழுதினாள்.

மருந்து ஏற்றும் காலத்தில் முடி கொட்டலாம். வாந்தி வரலாம். சோர்வு வரும். மருந்து நின்றபின் முடி மீண்டும் முளைக்கும். இந்தக் காலத்தில் கர்ப்பம் கூடாது. காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நோயை எதிர்க்கும் சக்தி அப்போது குறைந்திருக்கும்.

அக்குளில் உள்ள நெறிகளையும் எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம். கனமான குடத்தை அந்தக் கையால் தூக்க வேண்டாம். சொல்லிக் கொடுத்த கைப்பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். அந்தத் தச்சன் கிணற்றில் தண்ணீர் இறைத்தான். சிலர் சிரித்தார்கள். அவன் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

சொல்லாத துக்கம்

அறுவைக்குப் பின் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தழும்பைக் காட்டவில்லை. அவன் வற்புறுத்தவில்லை. "உனக்கு எப்போ தோணுதோ அப்போ காட்டு" என்றான். ஒரு மாதம் போனது. ஒருநாள், "கை எட்டலை, கொக்கியை மாட்டி விடுங்க" என்று கூப்பிட்டாள். அவன் வந்து மாட்டிவிட்டான். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு அவள் அவன் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கணவனுக்கும் பயம் உண்டு. கடன், பிள்ளைகள், நாளை என்ன ஆகுமோ என்ற கவலை. அதை மனைவியிடம் மறைத்தால் வீட்டில் பேச்சே நின்றுவிடும். சேர்ந்து அழுவது கோழைத்தனம் அல்ல. மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு ஒதுங்கும் ஆண்களும் உண்டு. அதுதான் கோழைத்தனம்.

உதவிகள்

வைத்தியத்துக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவம் கேளுங்கள். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ந்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. நகையை அடகு வைக்கும் முன் இதை விசாரியுங்கள்.

எல்லோருக்கும் நோய் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரையும் தனியாக விடாமல் இருக்க முடியும்.

பேசிப் பார்ப்போம்

1. மனைவி மூன்று மாதம் ஏன் சொல்லவில்லை? நம் வீட்டில் பெண்கள் எதையெல்லாம் சொல்லத் தயங்குகிறார்கள்?
2. தனித் தட்டு வைப்பது ஏன் தவறு?
3. நம் ஊரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் பக்கத்து வீட்டார் என்ன செய்யலாம்?