வறட்சி தாங்கும் பூஞ்செடிகள்

மாணவர்களே! பூந்தோட்டம் என்றவுடன், நாள்தோறும் குடங்குடமாக நீர் வார்க்க வேண்டுமே என்று பலர் அஞ்சுவர். அவ்வச்சத்திற்குக் காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டமையால், சென்னை மக்கள் குடிநீருக்கே அல்லலுற்றனர். குடிக்க நீரில்லாதபோது பூவுக்கு நீர் ஏது? ஆயினும், சிறிதளவு நீர் பெற்றே பல்லாண்டு வாழ்ந்து மலரும் செடிகள் சில உள. அவற்றை இங்குக் காண்போம்.

ஆவாரை நம் மண்ணுக்கே உரியது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் ஒன்று. கரட்டு நிலத்திலும் அது பொன்னிறப் பூக்களைச் சொரியும். அரளியின் இலை குறுகி நீண்டு, தோல்போல் தடித்திருக்கும். அவ்விலையின் அடிப்புறத்தில், மயிர் அடர்ந்த சிறு குழிகளுள் இலைத்துளைகள் மறைந்துள்ளன. ஆதலின் வெங்காற்று அதன் நீரை எளிதிற் கவர இயலாது. காந்தளின் இயல்பு வேறு. கோடையில் அதன் கொடி மடிந்துபோகும். கிழங்கோ மண்ணுள் உறங்கிக் கிடந்து, மழை கண்டதும் துளிர்க்கும். மடகாசுகரிலிருந்து வந்த நித்தியகல்யாணியும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த காகிதப்பூவும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

இவற்றை வளர்க்கும் முறையை யான் ஒரு பிழையால் கற்றேன். ஓய்வு பெற்ற பின், வீட்டு முற்றத்தில் அரளியும் நித்தியகல்யாணியும் வைத்தேன். அன்பு மிகுதியால் மாலைதோறும் செடிக்கு ஒரு செம்பு நீர் வார்த்தேன். சித்திரையில் கிணறு வற்றியது. சின்னாட்களில் செடிகள் பல பட்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்; வேர் நான்கு விரற்கிடைக்குக் கீழே இறங்கவே இல்லை! மேல்மண்ணிலேயே ஈரம் கிடைத்தமையால், அது ஆழம் தேடவில்லை.

ஆகவே, ஐப்பசி மழை தொடங்கியதும் ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி, மக்கிய எருவை மண்ணுடன் கலந்து இட்டுச் செடியை நடுக. களிமண்ணாயின் மணலும் சேர்க்க. வேரடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். முதலாண்டில் வாரம் ஓரிருமுறை, மண் ஆழ நனையுமாறு நீர் வார்க்க. பின்னர் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுக. தண்டை ஒட்டாமல் சருகினால் மூடாக்கு இடுக. ஈரம் நெடுநாள் நிற்கும். எருவை மிகுதியாக இட்டால் இலை பெருகிப் பூக் குறையும். அரளியையும் காகிதப்பூவையும் பூத்து ஓய்ந்தபின் கவாத்துச் செய்தால், புதுக்கிளைகள் தோன்றி நிறையப் பூக்கும்.

ஓர் எச்சரிக்கை: அரளியும் காந்தளும் கொடிய நஞ்சுடையவை. அவற்றின் எப்பகுதியையும் வாயில் வைத்தலாகாது. தொட்டபின் கைகளை நன்கு கழுவுதல் வேண்டும். சிறுவரும் ஆடுமாடுகளும் அணுகும் இடத்தில் அவற்றை நடாதீர்கள்.

வரும் மழைக்காலத்தில் உங்கள் பள்ளியின் வேலியோரத்தில் ஓர் ஆவாரையேனும் நடுங்கள். முதலாண்டு அதன் வேரைப் பேணுங்கள். பின்வரும் கோடைகளில் அது தன்னைத்தானே பேணிக்கொள்ளும்.