குளிர்நாட்டில் குழந்தைகளின் கையுறை

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வளர்ந்த தாய்மார்களுக்குக் கையுறை பழக்கமில்லாத பொருள். கணவரின் பணி நிமித்தம் கனடாவின் டொராண்டோவிலோ மாண்ட்ரியலிலோ குடியேறியதும், பிள்ளைகளுக்கு அது இன்றியமையாத உடையாகிவிடுகிறது. காற்றின் வேகத்தோடு சேர்த்து உணரப்படும் குளிர் மைனஸ் 28 டிகிரியை எட்டினால், மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறைந்துவிடக்கூடும் என அந்நாட்டு வானிலைத் துறை எச்சரிக்கிறது.

குளிரைக் காட்டிலும் ஈரமே கைகளுக்குப் பெரும் பகை. பனியில் விளையாடும் குழந்தையின் சாதாரணக் கம்பளிக் கையுறையில் ஒட்டும் பனி, உடற்சூட்டால் உருகி உள்ளே ஊறுகிறது. நனைந்த கையுறை கையின் வெப்பத்தைப் பறித்துவிடும். எனவே வெளிப்புறம் நீர் புகாததாக இருத்தல் வேண்டும். 'ஈரத்தைத் தாங்கும்' என்பதும் 'நீர் புகாது' என்பதும் ஒன்றல்ல. முன்னது சிறு தூறலுக்கே போதுமானது. கோர்டெக்ஸ் போன்ற மென்படலம் உள்ளவை வெளிநீரைத் தடுத்து, வியர்வை ஆவியை வெளியேற்றுகின்றன. உட்புறம் பாலியெஸ்டர் அல்லது கம்பளி நன்று. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் ஆகாது.

கட்டை விரலுக்குத் தனியறையும், ஏனைய நான்கு விரல்களுக்கும் ஒரே அறையும் கொண்டது மிட்டன். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்குவதால் அதுவே அதிக வெப்பம் தரும். சிறு குழந்தைகளுக்கு மாட்டிவிடவும் எளிது. விரல்களைத் தனித்தனியே பயன்படுத்த வேண்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐவிரல் கையுறை ஏற்றது. இறுக்கமான கையுறை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மணிக்கட்டைத் தாண்டி மேலங்கியின் கைப்பகுதியை மூடும் நீளம் வேண்டும். மழலைகளின் கையுறைகளைக் கயிற்றால் இணைத்துக் கழுத்தைச் சுற்றி விடுவது ஆபத்தானது. மேலங்கியோடு பிணைக்கும் சிறு கிளிப்புகளே பாதுகாப்பு.

தோல் கையுறை வாங்குவோர் அதன் அட்டையைப் படித்தல் அவசியம். சிலவற்றில் உள்ளங்கைப் பகுதி பன்றித் தோலால் ஆனது. பதனிட்டாலும் அது தூய்மையடையாது என்பதே ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின் நிலை.

தொழும் வயதுப் பிள்ளைகளுக்கு மேலும் ஒன்றைக் கற்பிக்க வேண்டும். தோல் காலுறையின் மீது மஸஹு செய்யும் சலுகை கையுறைக்கு இல்லை. ஒளுவின்போது அதைக் கழற்றியே கைகளைக் கழுவ வேண்டும். கழுவியபின் விரலிடுக்குகளையும் நன்கு துடைத்து உலர்த்திய பிறகே மீண்டும் அணிதல் வேண்டும். ஈரக்கையோடு அணிந்தால், நீர் புகாத கையுறையும் பயனற்றதாகும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு இணைகள் இருப்பது நலம். ஒன்று உலரும்வரை மற்றொன்று உதவும்.

விரல் மரத்து, வெளிறியோ சாம்பல் நிறமாகவோ தோன்றினால் தேய்க்கலாகாது. அடுப்பில் காட்டவும் கூடாது. வீட்டுக்குள் அழைத்துவந்து, வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, உடனே மருத்துவரை நாட வேண்டும். வலி இல்லையே என்று குழந்தை கூறுவது ஆறுதலுக்குரியதன்று. உணர்விழப்பே ஆபத்தின் அடையாளம்.

பிள்ளைகள் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களின் பிஞ்சுக் கைகளைக் காப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கியதே.