உஷார்! ஸ்டேஷனில் கழற்றிக் கொடுத்த சங்கிலிக்கு ரசீது வாங்கினீர்களா?

டில்லி முனிர்கா கிராமத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளே, டி.டி.ஏ. குடியிருப்பில் இருக்கும் அக்கா தங்கைகளே, ஒரு நிமிடம். இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிடாதீர்கள். பக்கத்து அறைப் பையன் சண்டையில் மாட்டினால் உங்களையும் சேர்த்துத்தான் கூட்டிப் போவார்கள். உங்கள் வீட்டில் திருடுபோன நகை கிடைத்தாலும் நேராக உங்கள் கைக்கு வராது. விபத்தில் சிக்கிய பைக்கும் அங்கேதான் போய் நிற்கும். தப்பே செய்யாதவர்களின் பொருளும் ஸ்டேஷனின் பொருள் காப்பறையான மால்கானாவில் கிடக்கிறது.

உள்ளே போவது எளிது. வெளியே வருவதுதான் பாடு!

டில்லிக்குப் பக்கத்து ஊர் மீரட்டில் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். அமிர்தசரஸைச் சேர்ந்த தங்க வியாபாரி. 1947 செப்டம்பர் 20, சரக்கு விற்க மீரட் வந்து இறங்கினார். ராத்திரி கடைவீதியில் போலீஸ் மறித்தது. திருட்டுப் பொருளோ என்று சந்தேகம். லாக்கப்பில் வைத்தார்கள். தங்கம், வெள்ளி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே ஜாமீனில் வந்துவிட்டார். வெள்ளியும் திரும்பிவிட்டது. தங்கம் வரவில்லை. 103 தோலாவுக்கு மேல். நம் கணக்கில் ஏறக்குறைய 150 பவுன்!

எங்கே போனது? கருவூலத்தில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். வைக்கவில்லை. மால்கானாவில் ஒரு தலைமைக் காவலர் பொறுப்பில் விட்டார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு அக்டோபரில் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்.

வியாபாரியின் தரப்பில் அரசு மேல் வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் ஜெயம். உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. போலீஸ் அலட்சியமாக இருந்தது உண்மைதான்; ஆனால் கைது செய்வதும் பொருளைப் பிடித்து வைப்பதும் அரசின் இறையாண்மை வேலை; அதற்கு அரசு நஷ்ட ஈடு தரத் தேவையில்லை. 17 வருஷம் அலைந்து கையில் ஒன்றுமில்லை. கஸ்தூரிலால் வழக்கு என்று இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் பாடமாகப் படிக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர், இதை மாற்றச் சட்டம் வேண்டும் என்றார். 1965-இலும் 1967-இலும் மசோதா வந்தது. இரண்டும் சட்டமாகவில்லை. எனக்கு இன்னமும் ஆறவில்லை.

நம்பிக்கையே இல்லையா? இருக்கிறது. பழைய மைசூர் மாநில வழக்கு ஒன்றில் 1977-இல் தீர்ப்பு வந்தது. ஒரு பெண்ணின் வீட்டில் திருடுபோன நகைகளை போலீஸ் மீட்டது. போலீஸ் காவலில் இருந்தபோதே அவை மறுபடி காணாமல் போயின. பொருள் இல்லாவிட்டால் அதன் விலையைக் கொடு, 10,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் அரசுக்கு உத்தரவு போட்டது. பத்திரமாகத்தான் வைத்திருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு என்றும் சொன்னது. ஆனால் கவனியுங்கள்: அங்கே நகைக்குப் பட்டியல் இருந்தது. என்ன நகை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

உங்களிடம் பட்டியல் இருக்குமா?

இனி சொல்வதெல்லாம் ஆபத்தின் அறிகுறி. ஒன்று நடந்தாலும் விழித்துக்கொள்ளுங்கள்.

“ரசீது அப்புறம் தரோம்” என்றால் உஷார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49-ஆவது பிரிவுப்படி, கைதானவரிடம் எடுத்த பொருளுக்கு அவர் கையில் ரசீது கொடுத்தே ஆக வேண்டும். டில்லியில் அந்தப் பட்டியலுக்கு ஜாமா தலாஷி என்று பெயர். பெண்ணைச் சோதிக்க இன்னொரு பெண்தான் வர வேண்டும்.

இந்தி படிக்கத் தெரியாதவரைக் கையெழுத்துப் போடச் சொன்னாலும் உஷார். நம் பிள்ளைகள் ஏமாறும் இடமே இதுதான். வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து? கூடவே கூடாது.

பட்டியலில் “ஒரு செயின்” என்று மட்டும் இருக்கிறதா? எடை எங்கே? “ஒரு மொபைல்” என்றால் ஐ.எம்.இ.ஐ. எண் எங்கே? பர்ஸில் இருந்த பணம் எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு? எழுதாத பொருள் இல்லாத பொருள். கேஸுக்குச் சம்பந்தமில்லாத தாலி, வளையல், மோதிரத்தை வீட்டார் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

“கேஸ் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்” என்பதையும் நம்பாதீர்கள். கேஸ் முடிவதற்குள் பைக் துருப்பிடித்து, பேட்டரி காணாமல் போயிருக்கும். கேஸ் முடியும்வரை பொருளை உங்கள் பொறுப்பில் விடச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் சுப்பர்தாரி மனு போடுங்கள். படம் எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பொருளை ஒப்படைக்கலாம் என்று 2002-லேயே சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு எப்படி வந்தது தெரியுமா? ஸ்டேஷனில் இருந்த பொருளையே மாற்றி வைத்ததாக போலீஸ்காரர்கள் மேல் வந்த புகாரிலிருந்து!

பொருள் மால்கானாவின் 19-ஆம் எண் ரெஜிஸ்டரில் எந்த எண்ணில் ஏறியிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மழுப்பினால் வக்கீலைப் பாருங்கள். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் சட்ட உதவி இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. 15100-க்கு போன் போடுங்கள்.

டில்லிவாசிகள் பலருக்குத் தெரியாத பெரிய கண்ணி இன்னொன்று. டில்லி போலீஸ் சட்டம் 1978, பிரிவு 140. பணியின் பேரில் போலீஸ்காரர் செய்த செயலுக்காக அவர் மேல் வழக்குப் போட மூன்று மாதம்தான் கெடு. அதற்கு முன்பே ஒரு மாத நோட்டீஸும் கொடுத்திருக்க வேண்டும். பொருளைச் சுருட்டுவதெல்லாம் ஒரு பணியா என்று வக்கீல் வாதாடலாம். அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். “நாளைக்கு வா, திங்கக்கிழமை வா” என்ற அலைச்சலிலேயே மூன்று மாதம் ஓடிவிடும்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். போனில் *#06# அழுத்துங்கள். வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதுங்கள். சங்கிலியையும் மோதிரத்தையும் படம் எடுத்து, எடையையும் குறித்து, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் போனை எடுத்துக்கொண்டாலும் அம்மா போனில் அது இருக்கும்.