மெல்லும் பிசினும் கரையும் பிசினும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு செல்லும் சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய சந்தையாகும். அதனை அடுத்துள்ள ஆரியசாலைப் பகுதியில் தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். இவ்வூரில் ‘அங்ஙாடி மருந்து’ எனப்படும் வேர், பட்டை, பிசின் முதலிய சரக்குகளை விற்கும் கடைகள் இவ்வட்டாரத்தில் உள்ளன. கருவேலம் பிசின், பாதாம் பிசின், மஸ்தகி, குங்கிலியம், பெருங்காயம் ஆகியவை இத்தகைய கடைகளில் கிடைப்பவை. சில அடி தள்ளிப் பெட்டிக்கடையில், வண்ணக் காகிதம் சுற்றிய சூயிங்கம் விற்கப்படுகிறது. ‘கம்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் பிசின் என்பதே பொருள்.

பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. இவற்றுள் ஒன்று வாயிலிட்டவுடன் கரைகிறது; ஒன்று நீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கிறது; ஒன்று பல்லிடையே பொடியாகிறது; மற்றொன்று எவ்வளவு நேரம் மென்றாலும் தீர்வதில்லை. இவ்வேறுபாட்டை அறியாதவர் விலையில் ஏமாறுவதோடு, சில வேளைகளில் உடல்நலத்திற்கும் கேடு தேடிக்கொள்கின்றனர். அறிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. ஒரு குவளை நீரும், கவனத்துடன் பழகிய நாவும் போதும்.

மூவகைக் கசிவுகள்

மரத்திலிருந்து கசிந்து இறுகும் பொருள்களை விஞ்ஞானிகள் முக்கியமாக மூன்று இனங்களாகப் பிரிக்கின்றனர்.

முதலாவது கோந்து இனம். இது சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக இணைந்து உண்டான பொருள். நீரை விரும்பும் இயல்புடையது. கருவேலம் பிசின் நீரில் கரைந்து பசையாகிறது. சூடான் நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் அரபிக் கோந்தும் இவ்வகையினதே. பாதாம் பிசினோ முழுவதும் கரைவதில்லை. இரவில் ஊறவைத்த சிறு துண்டு காலையில் பன்மடங்கு பருத்துக் கூழ்போல் நிற்கும். முருங்கைப் பிசினும், கராயா எனப்படும் ஸ்டெர்குலியா யூரென்ஸ் மரத்தின் பிசினும் இவ்வாறே ஊதுபவை.

இரண்டாவது குங்கிலிய இனம். இது நீரில் கரையாது; சாராயத்திலோ எண்ணெயிலோ கரையும்; நெருப்பிலிட்டால் மணத்துடன் புகையும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரமும் கருங்குங்கிலிய மரமும் தருபவை இவ்வினத்தைச் சேர்ந்தவை.

மூன்றாவது மரப்பால் இனம். இரப்பர் மரத்தின் பால் இதற்குச் சிறந்த உதாரணம். இதிலுள்ள நெகிழும் பொருள் நீரில் கரைவதில்லை, இழுத்தால் நீளும்.

இரண்டு இனங்கள் கலந்து வருவதும் உண்டு. பெருங்காயம் கோந்தும் குங்கிலியமும் மண எண்ணெயும் சேர்ந்த கலவை. சிறிதளவு பெருங்காயத்தை நீரில் தேய்த்தால் நீர் பால்போல் வெளுக்கிறது. கோந்துப் பகுதி கரைந்து, கரையாத குங்கிலியத் துளிகளை நீரில் மிதக்கவிடுவதே இதற்குக் காரணம். இந்த ஒரு பரிசோதனையால் இரு இனங்களின் இயல்பையும் மாணவர்க்கு ஒருங்கே விளக்கலாம்.

மென்றால் தீராத பொருள்

இவ்வகைப்பாட்டை மனத்திற்கொண்டு நோக்கினால், மெல்லுவதற்கு ஏற்ற பொருள் கோந்து இனத்தில் இருக்க முடியாது என்பது விளங்கும். கரைவது விரைவில் வயிற்றுக்குள் போய்விடும். ஆகவே மெல்லும் பொருளை மனிதன் குங்கிலிய இனத்திலும் மரப்பால் இனத்திலுமே கண்டுபிடித்தான். டென்மார்க்கின் லோலண்ட் தீவில், சுமார் 5,700 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் மென்று துப்பிய பூர்ச்சமரத் தார்க்கட்டி கிடைத்தது. அதில் ஒட்டியிருந்த உயிரணுப் பொருளைக் கொண்டு அவளுடைய மரபணுத் தொகுதி முழுவதையும் விஞ்ஞானிகள் படித்து 2019-இல் வெளியிட்டனர்.

ஆரியசாலைக் கடைகளின் சரக்குகளுள் மெல்லும் பிசின் என்னும் பெயருக்கு உண்மையில் உரியது மஸ்தகி. இது கிரேக்க நாட்டைச் சேர்ந்த கியோஸ் தீவில் ஒரு வகைப் பிஸ்தா மரத்திலிருந்து பெறப்படுகிறது. யூனானி மருத்துவர்கள் இதனை ரூமி மஸ்தகி என்பர். விலை மிகுந்த பொருளாதலால் வேறு பிசின்கள் இதில் கலக்கப்படுவதுண்டு. தோற்றத்தில் இதனை ஒத்தது, வட ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சாண்டரக் என்னும் பிசின். இரண்டும் வெளிர்மஞ்சள் நிறத் துளிகள். கண்ணால் பிரித்தறிவது கடினம். பல்லால் பிரித்தறிவது எளிது. மஸ்தகித் துளி முதலில் நொறுங்கி, பின்னர் வாயின் வெப்பத்தில் ஒன்றுகூடி வெண்ணிறமான மென்கட்டியாகிறது. சாண்டரக் நொறுங்கிப் பொடியாகவே நின்றுவிடுகிறது. மருந்துச் சரக்குகளைப் பற்றிய பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ள பரிசோதனை இது.

இன்றைய சூயிங்கத்தின் வரலாறு மரப்பால் இனத்திலிருந்து தொடங்குகிறது. நம் தோட்டங்களில் கனிக்காக வளர்க்கும் சப்போட்டா மரத்தின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவுமாகும். சப்போட்டாக் காயைப் பறித்தால் காம்பில் வடியும் வெண்ணிறப் பாலை யாவரும் கண்டிருப்பர். அம்மரத்தின் பட்டையைக் கீறி எடுத்த பாலைக் காய்ச்சி இறுக்கினால் சிக்கிள் என்னும் பொருள் கிடைக்கும். நியூயார்க்கில் தாமஸ் ஆடம்ஸ் என்பவர் இதனை இரப்பருக்குப் பதிலாக உபயோகிக்க முயன்று தோற்றார். பிறகு அதனையே மெல்லும் பொருளாக்கி, 1871-இல் அதற்குரிய இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1928-இல் பிலடெல்பியாவில் வால்டர் டீமர் என்பவர், ஊதினால் குமிழியாகும் வகையை உருவாக்கினார்.

பிற்காலத்தில் சிக்கிளின் இடத்தைப் பெரும்பாலும் செயற்கைப் பொருள்கள் பிடித்துக்கொண்டன. பாலிஐசோபியூட்டிலீன், பாலிவினைல் அசிடேட் முதலியன பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து ஆக்கப்படுபவை. இன்று கடையில் வாங்கும் சூயிங்கத்தின் அடிப்பொருள் பெரும்பாலும் இவைதாம். மரப்பிசின் என்று எண்ணி மெல்வது பெரும்பாலும் ஒருவகை மென்பிளாஸ்டிக் என்பதை மாணவர் அறிந்திருத்தல் நலம். மண்ணில் அது எளிதில் மட்குவதில்லை. தெருவில் துப்பியது ஆண்டுக்கணக்கில் கறையாக ஒட்டிக்கிடப்பதற்கு இதுவே காரணம். சிங்கப்பூர் அரசாங்கம் 1992-இல் சூயிங்கம் விற்பனையைத் தடைசெய்து, 2004-இல் மருத்துவப் பயனுள்ள சில வகைகளுக்கு மட்டும் இடமளித்தது.

ஒப்பிட்டுச் சுவைக்கும் முறை

பெட்டிக்கடையில் பல வகைகள் கிடைக்கின்றன: தகடாக உள்ளவை, சர்க்கரை மேலுறையிட்டவை, குமிழி ஊதுபவை, நடுவே பாகு அடைத்தவை, சர்க்கரை சேராதவை. எது சிறந்தது என்று மாணவரைக் கேட்டால் விளம்பரத்தில் கண்டதையே கூறுவர். உணவுப் பொருள்களைச் சுவைத்து மதிப்பிடுவது ஒரு தனி விஞ்ஞானத் துறை என்பதை விளக்க இது நல்ல வாய்ப்பு. மைசூரில் 1950-இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் முதலிய இடங்களில் கைக்கொள்ளும் முறையைப் பள்ளியிலும் சுருக்கமாகச் செய்து காட்டலாம்.

காகிதத்தை அகற்றி, ஒவ்வொரு வகைக்கும் மூன்று இலக்க எண் ஒன்றை இடுக. பெயரை ஆசிரியர் மட்டும் அறிந்திருக்க வேண்டும். காப்பி, வெற்றிலை, காரமான உணவு ஆகியவற்றை உட்கொண்டு ஒரு மணி நேரமாவது கழிந்திருத்தல் அவசியம். ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் இடையே வெதுவெதுப்பான நீரால் வாய் கொப்பளித்து, சற்று நேரம் ஓய்வு தருக. 1, 3, 5, 10 நிமிடங்களில் இனிப்பு, மணம், மென்மை, நெகிழ்ச்சி, பல்லில் ஒட்டும் தன்மை ஆகிய ஐந்திற்கும் மதிப்பெண் குறிக்கச் செய்க.

இரண்டு வகைகள் உண்மையில் வேறுபடுகின்றனவா என்பதை அறிய முக்கோணச் சோதனை உண்டு. மூன்று துண்டுகளில் இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு வகை. வேறானது எது என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே 12 பேரில் 4 பேர் சரியாகக் கூறினால் அதனால் எதுவும் நிரூபணமாகாது. 8 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சரியாகக் கூறினால், அது வெறும் ஊகத்தால் நேர்ந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. நிகழ்தகவுக் கணக்கை வாய்க்கு இனிமையாகக் கற்பிக்க இதனினும் நல்ல வழி கிடைப்பது அரிது.

எடையையும் ஒப்பிடலாம். சர்க்கரையுள்ள வகையில் பத்துத் துண்டுகளை நிறுத்து, பத்து நிமிடம் மென்றபின் துடைத்து மீண்டும் நிறுத்தால் எடை பாதிக்குமேல் குறைந்திருக்கும். குறைந்த பகுதி பெரும்பாலும் சர்க்கரை. அது கரைந்து பற்களின்மீது படிந்து விழுங்கப்பட்டுவிட்டது. எஞ்சியதே அடிப்பொருள்.

மணத்தைப் பற்றிய பரிசோதனை மிகச் சுவையானது. புதினா வகையை மென்றவர்கள், சில நிமிடங்களில் மணம் தீர்ந்துவிட்டது என்பர். ஆனால் மூக்கினுள் வரும் காற்றை ஆராய்ந்தவர்கள், மணப்பொருள் அப்பொழுதும் வெளிவந்துகொண்டிருப்பதைக் கண்டனர். குறைந்தது இனிப்பே, இனிப்புக் குறைந்ததும் மணமும் குறைந்ததாக மூளை கருதுகிறது. அந்நிலையில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையை வாயிலிடச் சொன்னால், போன மணம் திரும்பி வருவதாக மாணவர் வியப்பர். புதினா தரும் குளிர்ச்சியும் உண்மையான குளிர்ச்சியன்று. குளிரை உணரும் நரம்பு வாயிலை மென்தால் திறந்துவிடுகிறது. இவ்வாயிலை 2002-இல் கண்டறிந்த ஆராய்ச்சியாளர்களுள் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவருக்கும், வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் முறையை விளக்கியதற்காக 2021-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மென்தால் தரும் புதினா எண்ணெய் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் வகிக்கிறது. இதற்கேற்ற புதினா ரகங்களை லக்னோவிலுள்ள மத்திய மருந்து, நறுமணத் தாவர நிலையம் வெளியிட்டுள்ளது.

கவனிக்க வேண்டியவை

சுவைத்தறிதலில் விலக்க வேண்டியவையும் உண்டு. தூபத்திற்காக விற்கப்படும் குங்கிலிய வகைகளையும், அமோனியா கலந்து பாதுகாக்கப்படும் இரப்பர்ப் பாலையும் வாயிலிடலாகாது. இவற்றை நீரில் மட்டுமே சோதிக்க வேண்டும். பெயர் தெரியாத பிசின் எதனையும் மாணவருக்குத் தரக்கூடாது. ஊதிப் பெருக்கும் பிசின்களை உலர்ந்த நிலையில் விழுங்குவது ஆபத்து. உணவுக்குழாயிலேயே பருத்து அடைத்துக்கொள்ளக்கூடும். நன்றாக ஊறியபின்பே உண்ண வேண்டும். கராயாப் பிசின் ஈரக்காற்றில் நெடுநாள் இருந்தால் காடி வாசனை வீசும்; அசிட்டிக் அமிலம் வெளிப்படுவதன் அடையாளம் அது.

சூயிங்கத்தை விழுங்கினால் ஏழு ஆண்டுகள் வயிற்றில் தங்கும் என்பது கட்டுக்கதை. ஒன்றிரண்டு துண்டுகள் செரிக்காமலே வெளியேறிவிடும். எனினும் அடிக்கடி விழுங்கும் குழந்தைகளுக்குக் குடலடைப்பு நேர்ந்ததுண்டு. சிறு குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் அடைபடவும் கூடும். ஆகவே அவர்களுக்குத் தருவதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால், சார்பிட்டால் சேர்த்த வகைகள் பல்லுக்கு நல்லவை. ஆனால் அளவு மீறினால் வயிற்றுப்போக்கு உண்டாகும். தலைமயிரில் ஒட்டியதைத் தேங்காயெண்ணெய் தடவி எடுக்கலாம். துணியில் ஒட்டியதைப் பனிக்கட்டியால் இறுகச் செய்து உதிர்க்கலாம். கொழுப்பில் இளகும், குளிரில் இறுகும் என்னும் இரு குணங்களையும் இவை காட்டுகின்றன.

மரத்தின் நலமும் சேகரிப்போர் நலமும்

வகையும் தரமும் அறிவது வாங்குவோருக்கு மட்டும் பயன்படுவதன்று. பிசினைச் சேகரிக்கும் மலைவாழ் மக்களின் வருவாய், அது எவ்வளவு தெளிவாகவும் தூசியின்றியும் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பட்டையும் மண்ணும் கலந்த சரக்கு மலிவாகப் போகிறது; குறைந்த விலையை ஈடுசெய்ய அவர்கள் மரத்தை மேலும் ஆழமாக வெட்டுகின்றனர். ஆந்திரப் பகுதிகளில் கோடரியால் ஆழ வெட்டியமையால் கராயா மரங்கள் பல பட்டுப்போயின. அங்குப் பழங்குடியினர் கூட்டுறவு நிறுவனமும் தொண்டு நிறுவனமும் சேர்ந்து, சிறு கத்தியால் மேலாகச் சீவும் முறையையும், தூய சரக்கைத் தனியே வகைப்படுத்துவதையும் கற்பித்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில் கருங்குங்கிலிய மரத்தின் அடியில் தீமூட்டிக் கசிவைத் தூண்டும் வழக்கமும் மரத்தை அழிக்கக்கூடியதே.

இத்துறையில் இராஞ்சியிலுள்ள நிலையம் நெடுநாள் பணியாற்றி வருகிறது. 1924-இல் அரக்கு ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய அந்நிலையம், 2007-இல் இயற்கைப் பிசின் ஆராய்ச்சி நிலையமாகப் பெயர் பெற்றது; 2022-இல் அதன் பணி இரண்டாம் நிலை வேளாண்மைத் துறையாக விரிவாக்கப்பட்டது. ஜோத்பூரிலுள்ள மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையம், அரபிக் கோந்து தரும் மரத்தில் சிறு துளையிட்டு எத்தெபான் என்னும் மருந்தைச் செலுத்திப் பிசின் பெறும் முறையை வகுத்துள்ளது.

கள ஊழியர்கள் தத்தம் வட்டாரத்தில் கிடைக்கும் பிசின்களை ஐந்தாறு கண்ணாடிக் குப்பிகளில் சேகரித்து, மரத்தின் பெயர், கடையில் வழங்கும் பெயர், நீரில் இட்டபோது நிகழ்வது ஆகியவற்றை எழுதி ஒட்டலாம். பள்ளியில் இதே தொகுதியோடு ஒரு சூயிங்கத் துண்டையும் சேர்த்து வைத்தால் ஒப்பீடு முழுமை பெறும். பிசின் வாங்கச் செல்பவர் பெயரைச் சொல்லிக் கேட்பதோடு நில்லாமல், ஒரு துண்டை நீரிலிட்டுப் பார்க்கும் வழக்கத்தை மேற்கொள்வாராயின், கலப்படம் குறைவதோடு, தூய சரக்கைக் கொண்டுவரும் சேகரிப்பாளருக்கும் உரிய விலை கிடைக்க ஏதுவாகும்.