படம் பொய் சொல்லுமா?

1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில், தேர்தல் கூட்டத்திற்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுக்குப் பலியானார். அவருடன் இறந்தவர்களுள் ஹரிபாபு என்ற புகைப்படக்காரரும் ஒருவர். சதிக்குழுவுக்காகப் படமெடுக்க வந்தவர் அவர் என்று பின்னர் வழக்கில் கூறப்பட்டது. அவர் இறந்தார், ஆனால் அவருடைய காமிரா, உள்ளே பிலிமுடன் கிடைத்தது. பிலிமைக் கழுவியபோது 10 படங்கள் தெரிந்தன. கையில் சந்தன மாலையுடன் காத்து நிற்கும் தணு, குறிப்பேட்டுடன் வெள்ளைக் குர்தாவில் நிற்கும் சிவராசன் ஆகியோரின் முகங்களை உலகம் கண்டது இப்படங்களில்தான்.

இவ்வளவு பெரிய வழக்கில் ஒரு புகைப்படத்தை எப்படி நம்புவது? ஒருவருடைய உருவத்தை வெட்டி இன்னொரு படத்தில் ஒட்டியிருக்க முடியாதா? நியாயமான கேள்விதான். பழைய ஸ்டுடியோக்களில் நெகடிவின் மீது பென்சிலால் தீட்டி முகச் சுருக்கங்களை மறைப்பது அன்றாட வேலையாக இருந்ததை நாம் அறிவோம். ஆகவே இக்கேள்விக்கு விஞ்ஞானம் என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

கொல்லைப்புறப் படம்

இத்தகைய ஐயம் உலகிலேயே மிகுதியாகப் பேசப்பட்டது அமெரிக்காவில். 1963 நவம்பர் 22 அன்று ஜனாதிபதி கென்னடி டல்லஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டு, துப்பாக்கியுடன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கும் படங்கள் கிடைத்தன. போலீசார் அவற்றைக் காட்டியபோது, "முகம் மட்டுமே என்னுடையது, உடல் வேறொருவருடையது" என்ற பொருளில் அவர் மறுத்தார். இரண்டு நாட்களில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் மட்டும் சாகவில்லை.

போதாக்குறைக்கு, சில பத்திரிகைகள் அச்சில் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் படத்தைத் தீட்டித் திருத்தி வெளியிட்டன. திருத்தங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. அச்சுப் பிரதிகளை ஒப்பிட்டவர்கள் மூலப்படமே மோசடி என்றனர்.

இரண்டு சூரியன்களா?

ஐயுற்றவர்கள் கூறிய முக்கியமான காரணம் நிழல். ஆஸ்வால்டின் மூக்கின் நிழல் நேர்கீழே விழுகிறது. உடலின் நிழலோ தரையில் சாய்ந்து கிடக்கிறது. ஒரே சூரியன் இருக்க, இது எப்படி நேரும்?

நீங்களே மொட்டை மாடியில் சோதித்துப் பார்க்கலாம். நண்பரைக் கண்களை மூடிக்கொண்டு சூரியன் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். மூக்கின் நிழல் நேர்கீழே, மேலுதட்டின்மேல் விழும். இப்போது நீங்கள் சற்று விலகி, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தரையிலுள்ள நிழல் சாய்வாகத் தெரியும். நிழலின் தோற்றம் சூரியனை மட்டும் பொறுத்ததன்று. அது விழும் பரப்பையும், நாம் நிற்கும் இடத்தையும் பொறுத்தது. மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் படிகளில் ஒரு கம்பத்தின் நிழல் விழும்போது படிக்குப் படி மடிந்து கிடக்கும். அதனால் கம்பமே வளைந்தது என்று யாரும் சொல்வதில்லையே!

2009ஆம் ஆண்டில் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் ஹானி ஃபரீத், ஆஸ்வால்டின் தலைக்கும் உடலுக்கும் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாதிரி அமைத்தார். ஒரே சூரியனைக் கொண்டே இரு நிழல்களையும் அவரால் உண்டாக்க முடிந்தது.

காமிராவின் கைரேகை

இதைவிட வலுவான சாட்சி நெகடிவில் உள்ளது. காமிராவுக்குள் பிலிமின் முன்னால் ஒரு செவ்வகச் சட்டம் இருக்கும். அதன் விளிம்பிலுள்ள நுண்ணிய பிசிறுகள் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பதியும். பிலிம் நகரும்போது மெல்லிய கீறல்களும் விழும். ஒரு காமிராவின் பிசிறும் கீறலும் இன்னொன்றுக்கு இரா. அமெரிக்க நாடாளுமன்றக் குழு 1970களின் இறுதியில் அமைத்த நிபுணர்கள், எஞ்சியிருந்த ஒரு நெகடிவை ஆஸ்வால்டின் காமிராவோடு ஒப்பிட்டனர். அடையாளங்கள் பொருந்தின, ஒட்டுவேலைக்குச் சான்றில்லை என்றனர்.

ஸ்ரீபெரும்புதூர்ப் படங்களும் தனித்தனியாக எங்கிருந்தோ வந்தவை அல்ல. ஒரே காமிராவில் இருந்த ஒரே சுருளில் வரிசையாகப் பதிந்தவை. அத்தகைய சுருளின் நடுவே ஒரு போலிப் படத்தை நுழைப்பது எளிதன்று. மேலும் படத்திற்கு வெளியிலும் சாட்சி இருந்தது. படத்தில் தணு ஏந்திய சந்தன மாலையைப் போன்ற ஒன்றை வாங்கியதற்கான ரசீது, ஹரிபாபுவின் வீட்டில் கிடைத்தது. சம்பவ இடத்தில் சிதறிக் கிடந்தவற்றை, அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் ப. சந்திரசேகரன் ஆராய்ந்தார், குண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்று கண்டார். அத்துறையின் தலைமையகம் மயிலாப்பூரில் காமராசர் சாலையில் இருக்கிறது. படம் சொன்னதைப் பொருள்களும் சொன்னபோதே அது வலுவான சாட்சியாயிற்று.

இரு வேறு கேள்விகள்

இங்கு ஒன்றை மறக்கலாகாது. கொல்லைப்புறப் படம் உண்மையானது என்ற அதே அமெரிக்கக் குழு, ஓர் ஒலிப்பதிவை ஆதாரமாகக் கொண்டு, கென்னடி கொலையில் சதி இருந்திருக்கலாம் என்றும் 1979இல் கூறியது. அந்த ஒலிப்பதிவின் முடிவை 1982இல் தேசிய அறிவியல் கழகத்தின் வல்லுநர்கள் ஏற்கவில்லை. ஆக, படம் உண்மையா என்பது ஒரு கேள்வி. கொலைக்குப் பின்னால் யார் இருந்தனர் என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ஒளியும் பிலிமும் விடை கூறும். இரண்டாவதற்கு அவை மட்டும் போதா. சதி இருந்தது என்று நம்புவதற்காகப் படத்தைப் போலியென்பதும், படம் உண்மை என்பதால் சதியே இல்லை என்பதும் ஒரே வகைத் தவறு.

இன்று கைப்பேசிப் படத்திற்கு நெகடிவ் இல்லை. ஆகவே மூலக் கோப்பே நெகடிவின் இடத்தைப் பிடித்திருக்கிறது. கோப்பிலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் என்ற எண், அதில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின்படி, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் இந்த எண்ணையும் குறிப்பிட வேண்டும்.

இனி யாரேனும் ஒரு படத்தைக் காட்டி, "இது போலி" என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். மூலம் எங்கே? அது யார் யார் கை மாறி வந்தது? படத்திற்கு வெளியே வேறு சான்று உண்டா? "இது உண்மை" என்று சொல்பவரிடமும் இதே மூன்றையும் கேட்கத் தயங்காதீர்கள்.